மஞ்சள் பூட்டு

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகவே சொல்லிவிடுவார். மூத்த மகள் பல்கலைக்கழகத்துக்கு மனு போட்ட அன்றைக்கே, "வீட்ல ஒரு பட்டதாரி வந்தாச்சு" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அவள் நல்லவேளையாகப் படித்துப் பட்டமும் வாங்கிவிட்டதால் அவர் வாய் தப்பித்தது. இளையவள் விஷயத்தில்தான் வசமாக மாட்டிக்கொண்டது.

இளையவள் மக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மார்க்கெல்லாம் கௌரவமாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் முடியும் சமயத்தில் கடைவாய்ப் பல் வலி என்று டாக்டரிடம் போனவள், அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கதவைத் திறந்துபோட்டு இரண்டு பேர் வேலை செய்வதைப் பார்த்துவிட்டாள். இருட்டுக் குழி, கம்பி வடங்கள், பெட்டியின் தலைமேல் ஒரு ஆள் உட்கார்ந்து எதையோ முடுக்குகிறார். "போம்மா அந்தப் பக்கம்" என்று அவர்கள் விரட்டும்வரை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். வீங்கிய கன்னத்தோடு அப்படியே வீட்டுக்கும் வந்து சேர்ந்தாள். பல் டாக்டர் ஞாபகமே வரவில்லை.

அந்த லிஃப்டைப் பராமரிக்கிற கம்பெனி வேலை பழகுநர்களை எடுக்கிறது என்று அவளே விசாரித்தாள், அவளே தேர்வு எழுதினாள், அவளே இடமும் வாங்கினாள். வாரத்தில் ஒரு நாள் தொழிற்பள்ளியில் பாடம், மற்ற நாளெல்லாம் கட்டடம் கட்டடமாக வேலை. அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். ஊரார் பிள்ளைகளை எல்லாம் படிக்கக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிற மனுஷனுக்கு, தன் பிள்ளை கிரீஸும் கையுமாக நிற்கப்போகிறாள் என்பது தொண்டையில் இறங்கவில்லை. அதுவுமில்லாமல், சின்னவளும் இஞ்சினியரிங் சேர்ந்தாச்சு என்று அம்மாவின் அண்ணனிடம் ஏற்கெனவே அளந்துவிட்டிருந்தார்.

வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "சோதனைக் காலம்னு ஒண்ணு வச்சிருக்காங்கல்ல? அது முடியற அன்னைக்கு உன்னை நிரந்தரமா எடுத்துக்கிட்டா சரி, நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லைன்னா மறு பேச்சு இல்லாம காலேஜ். அதுவரைக்கும் மாமா காதுக்கு இது போகக் கூடாது."

அவள் சரி என்றாள். அந்தச் சோதனைக் காலம் வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை மத்தியானம் மூத்தவள் பட்டம் வாங்கியதற்காக வீட்டில் விருந்து. மாமா குடும்பம் வருகிறது. இப்படி எல்லாமும் சேர்ந்து வந்து ஒரே மூலையில் முட்டிக்கொண்டால் ஒரு பெண் என்னதான் செய்வாள்?

பூட்டு விஷயத்தைச் சொல்லாமல் இதற்கு மேல் நகர முடியாது. லிஃப்டில் வேலை என்றால் முதல் காரியம், மொட்டைமாடியை ஒட்டிய மெஷின் ரூமுக்குப் போய், மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டு மாட்டுவது. வேலையில் எத்தனை பேரோ அத்தனை பூட்டு. அவரவர் பூட்டுக்கு அவரவரிடம் ஒரே சாவி, மாற்றுச் சாவி கிடையாது. பூட்டோடு ஆளின் படமும் பெயரும் தொங்கும். அது தொங்கினால் அந்த ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். குழிக்குள் இருக்கலாம், பெட்டியின் தலைமேல் இருக்கலாம், உள்ளேதான் இருக்கிறார். அவர் வந்து தன் கையால் திறக்கிறவரை கடவுளே வந்தாலும் சுவிட்சைப் போட முடியாது. நிரந்தர ஆட்களுக்குச் சிவப்புப் பூட்டு. சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கு மஞ்சள்.

அவளுடைய மஞ்சள் பூட்டின் சாவி ஒரு கறுப்புக் கயிற்றில் எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். அவ்வளவு பெருமை.

அந்தச் சனிக்கிழமை காலையில், எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்டுக்கு பிரேக் மாற்றுகிற வேலை. அவளோடு வேலை செய்தவனுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவன், கை ஓடுகிற வேகத்துக்கு மேல் வாய் ஓடும். பக்கத்து வீட்டு நாயிலிருந்து வானிலை வரைக்கும் அவனிடம் செய்தி உண்டு. அவளை "புதுசு" என்றுதான் கூப்பிடுவான்.

மத்தியானத்துக்கு மேல் அவளுக்கு அனுமதி இருந்தது. அவளுக்குப் பதிலாகக் கண்ணாடிக்காரர் என்ற இன்னொரு மெக்கானிக் வந்தார். அவர் தன் சிவப்புப் பூட்டைச் சுவிட்சின் கொக்கியில் மாட்டினார். போகிறவள் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். அதுதான் முறை. அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். "மாமா கார் தெருமுனைக்கு வந்துடுச்சாம்டி, இன்னும் எங்க நிக்கற? சட்டையில கறையோட வந்து நின்னு மானத்தை வாங்கிடாத." அவள் எட்டாம் மாடியில் துடைப்பம் வைக்கிற அறைக்குள் ஓடினாள். அக்காவின் நீல உடுப்பை மாட்டினாள், முழங்கையைத் தேய்த்துக் கழுவினாள், படிகளில் தடதடவென்று இறங்கினாள். பின்னாலிருந்து ரேடியோ ஏதோ கத்தினான். அவன் எப்போதும் ஏதாவது கத்திக்கொண்டுதான் இருப்பான் என்று அவள் திரும்பியே பார்க்கவில்லை.

வீட்டில் கூட்டம் களைகட்டியிருந்தது. அக்கா நடுவில் உட்கார்ந்திருக்க, மாமா அவளை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் படமெடுத்தார். இளையவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். இந்த மாமிக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ தெரியாது.

"என்னடி கழுத்துல? கயிறு தெரியுது. செயினா? காட்டேன்."

"கவரிங் அண்ணி. புதுசா ஏதோ பேஷனாம்" என்று அம்மா குறுக்கே பாய்ந்து, கயிற்றை உடுப்புக்குள் தள்ளிவிட்டாள்.

சாவி நெஞ்சில் சில்லென்று பட்டது. அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. பூட்டைக் கழற்றிய ஞாபகமே இல்லை. கையிலிருந்த தட்டை எங்கே வைத்தாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. போனைத் தேடினாள். சமையலறை அலமாரியில் அது ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருந்தது. ரேடியோதான்.

"ஏய் புதுசு, வேலை முடிஞ்சு நானும் கண்ணாடியும் பூட்டை எடுத்துட்டோம். உன்னுது மட்டும் பல்லைக் காட்டிக்கிட்டுத் தொங்குது. கீழ ஆளுங்க எல்லாம் கத்தறாங்க. ஏழாம் மாடி டீச்சர் வீல்சேர்ல வந்து உட்கார்ந்திருக்காங்க, வீட்டுக்குப் போக முடியல. வாட்ச்மேன் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டான். மேனேஜரம்மா கிளம்பி வராங்க."

பூட்டை மறப்பது சின்னத் தப்பில்லை. சோதனைக் காலத்தில் மறந்தால், ஆள் வேலையில் நிற்பதும் வீட்டுக்குப் போவதும் மேனேஜரம்மாவின் வாயில் இருக்கிறது. அதுவும் திங்கட்கிழமையை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ரேடியோ குரலைத் தணித்தான். "பயப்படாத. கையில கட்டிங் மெஷின் இருக்கு. அந்தம்மா வர்றதுக்குள்ள வெட்டிப் பையில போட்டுடறேன். திங்கட்கிழமை பூட்டைத் தொலைச்சுட்டேன்னு சொல்லு, ரெண்டு திட்டு விழும், அவ்வளவுதான். கண்ணாடி வாயைத் திறக்க மாட்டாரு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

சரி என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பொய் சொல்வானேன்? அவளுக்கு அப்போது அந்தச் சிவப்புப் பூட்டு வேண்டும். அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். கூடத்தில் மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. போன வாரம் ஒரு பழைய ஆஸ்பத்திரியில், லிஃப்ட் குழியின் அடியில் அவள் தனியாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் அந்தப் பெட்டி சும்மா நின்றிருந்ததும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மேலே தொங்கிய மஞ்சள் பூட்டை நம்பித்தான் அவள் பாட்டுப் பாடிக்கொண்டே துடைத்தாள்.

"வேணாம்ணா. நானே வரேன்."

"அடப் பைத்தியமே, நீ வீட்டுலதான இருக்க? எனக்குத் தெரியுமே."

"இன்னைக்குத் தெரியும். இன்னொரு நாள் தெரிஞ்சதா நினைச்சு வெட்டிட்டீங்கன்னா?"

ரேடியோ நின்று அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "சரி, வந்து சேரு" என்று வைத்துவிட்டான்.

திரும்பினால் வாசலில் அப்பா. போனில் வந்த குரல் உட்பட எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"பூட்டுதான? வெட்டச் சொல்லிட்டு வேலையைப் பாரு. வீடு நிறைய ஆளை வச்சுக்கிட்டு எங்க போற?"

"அது தொங்குதுன்னா நான் உள்ள இருக்கேன்னு அர்த்தம்ப்பா. என்னைக் கேக்காம யாரும் தொடக் கூடாது. நானே வெட்டுன்னு சொல்லிட்டா, அப்புறம் அதை நம்பி நான் எப்படிக் குழிக்குள்ள இறங்கறது?"

குழிக்குள் இறங்குகிறாள் என்பதை அவள் வீட்டில் அதுவரை சொன்னதே இல்லை. அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடுகடுவென்ற முகத்தோடு வேன் சாவியை எடுத்தார். "சீக்கிரம் முடிச்சுட்டு வந்துடணும்."

வெளியே வந்தால் மாமாவின் கார் வேனை மறித்துக்கொண்டு நிற்கிறது. வேறு வழியில்லாமல் மாமாவைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

"சாப்பாட்டு நேரத்துல எங்க மாப்பிள்ளை?"

"இவளுக்குக் காலேஜ்ல ஏதோ பிராக்டிகலாம் மச்சான். உடனே வரணுமாம்."

"சனிக்கிழமையுமா?"

"இஞ்சினியரிங் இல்லையா" என்றார் அப்பா, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு.

அப்பா வேனை ஓட்டினார். பின்னால் குட்டி குட்டியாகப் பள்ளிக்கூட இருக்கைகள் காலியாக ஆடிக்கொண்டு வந்தன. சிக்னலில் ஸ்டியரிங்கைத் தட்டியபடி, "திங்கட்கிழமை என்னன்னு பேசிக்கிட்டோம், ஞாபகம் இருக்கில்ல?" என்று மட்டும் கேட்டார். அவள் இருக்கிறது என்றாள்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சின்னக் கூட்டமே நின்றது. கை நிறையப் பைகளோடு ஒருவர், "எவனோ பூட்டைப் போட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டானாம், இவங்களுக்கெல்லாம் எவன் வேலை கொடுத்தான்" என்று பொரிந்துகொண்டிருந்தார்.

"நான்தாங்க. மன்னிச்சுக்கோங்க, இப்பத் திறந்துடறேன்" என்றாள் அவள்.

அந்த மனுஷர் நீல உடுப்பைப் பார்த்ததும் பைகளைக் கீழே வைத்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வீல்சேரில் இருந்த ஏழாம் மாடி டீச்சர், மடியில் மருந்துப் பையை வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தக் குதிகால் செருப்போட எட்டு மாடி ஏறுவியா? கழட்டி இங்க வச்சுட்டுப் போ. நான் எங்கயும் ஓடிட மாட்டேன், பார்த்துக்கறேன்."

வெறுங்காலோடு ஏறினாள். அப்பா கீழேயே நிற்பார் என்று நினைத்தாள். ஆனால் பின்னால் மூச்சிரைக்கிற சத்தம் மாடிக்கு மாடி வந்துகொண்டே இருந்தது.

மெஷின் ரூமில் மேனேஜரம்மா டூல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். ரேடியோவும் கண்ணாடிக்காரரும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கட்டிங் மெஷின் தரையில் கிடந்தது, பிளக் சொருகாமல். கொக்கியில் அந்த மஞ்சள் பூட்டு ஒற்றையாய்த் தொங்கியது. கதவருகே நின்ற அப்பா அதில் இருந்த படத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டோடு, சிரிக்காமல், நேராகப் பார்க்கிற அவருடைய இளைய மகள். வீட்டில் அப்படி ஒரு படம் கிடையாது.

"என்ன ஆச்சு?" என்றார் மேனேஜரம்மா.

"அம்மா போன் பண்ணாங்க, அவசரத்துல..." என்று ஆரம்பித்தவள், சப்பைக்கட்டு கட்டுகிறோம் என்று தனக்கே தெரிந்து நிறுத்தினாள். "மறந்துட்டேன் மேடம்."

"திற."

கயிற்றை வெளியே இழுத்து, சாவியைப் போட்டுத் திறந்தாள். சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். கடைசிப் பூட்டைக் கழற்றுகிறவர் கேட்பார். அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் கணக்கில் சேராது.

"பவர் போடறேன். எல்லாரும் வெளிய இருக்கீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"வெளிய இருக்கேன்" என்றான் ரேடியோ.

"வெளிய இருக்கேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"வெளிய இருக்கேன்" என்றார் மேனேஜரம்மா.

அவள் சுவிட்சில் கையை வைத்தாள். யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கதவருகிலிருந்து, இரைக்கிற மூச்சுக்கு நடுவே இன்னொரு குரல் வந்தது.

"நானும் வெளியதாம்மா இருக்கேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இவ அப்பாங்க" என்றார் அவர், கூச்சத்தோடு. ரேடியோ சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரும்பாடு. மேனேஜரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சரியாச் சொன்னீங்க" என்று அவருக்குத் தலையசைத்துவிட்டு, அவளைப் பார்த்து, "ம், போடு" என்றார். மெஷின் உறுமிக்கொண்டு உயிர்பெற்றது.

டீச்சரை மேலே கொண்டுவரக் கண்ணாடிக்காரர் பெட்டியோடு கீழே போனார். அப்போதுதான் ரேடியோ தொண்டையைச் செருமினான். "மேடம், ஒண்ணு சொல்லணும். நான் வெட்டிடறேன்னுதான் சொன்னேன். இவதான் வேணாம்னுட்டா."

"பிளக் பக்கத்துலயே மெஷின் கிடக்கும்போதே தெரிஞ்சுது. நீ திங்கட்கிழமை காலையில முதல் வேலையா என்னை வந்து பாரு" என்றார் மேனேஜரம்மா. பிறகு அவளிடம் திரும்பினார். "நீ நேர்ல வந்தது சரி. மறந்தது மறந்ததுதான். திங்கட்கிழமை சிவப்புக் கிடையாது. இன்னும் மூணு மாசம் மஞ்சளையே மாட்டு, அப்புறம் பார்ப்போம்."

அவள் தலையசைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் என்ன, ஆறு மாதம் என்றாலும் அவள் மஞ்சளை மாட்டுவாள். ஆனால் அப்பா போட்ட கெடு திங்கட்கிழமை. அவர் கதவருகிலேயே நின்று அத்தனையும் கேட்டுவிட்டாரே. தொழிற்பள்ளி, குழி, கம்பி வடம், ரேடியோவின் ஓயாத வாய் எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

இறங்கும்போது லிஃப்டின் வாசலில் அப்பா தயங்கினார். "இது நிக்குமா?"

"பிரேக் புதுசுப்பா. காலையில நானும் சேர்ந்துதான் மாத்தினேன்."

அவர் ஏறினார். ஒவ்வொரு மாடி எண்ணும் எரிந்து அணைவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். கீழே பெட்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது. செருப்பு டீச்சர் காட்டிய இடத்தில் பத்திரமாக இருந்தது.

வேனில் அவளால் பொறுக்க முடியவில்லை. "நீங்க சொன்ன திங்கட்கிழமைப்பா..." என்று இழுத்தாள்.

"சும்மா வா" என்றார்.

வீட்டில் கேக் வெட்டிமுடித்துத் தட்டுகளில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நுழைந்ததும் மாமா கையிலிருந்ததை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார். "என்ன, பிராக்டிகல் முடிஞ்சுதா? பாஸா பெயிலா?"

அம்மாவின் முகம் வெளுத்தது. அப்பா தண்ணீர் கேட்டு வாங்கி, நிதானமாகக் குடித்தார். அவள் காத்திருந்தாள். அவரைத்தான் அவளுக்குத் தெரியுமே. ஒன்று, காலேஜ் கதையை இன்னும் ஒரு முழம் நீட்டுவார். இல்லையென்றால், உண்மையைச் சொல்லுகிற சாக்கில், பெரிய கம்பெனியில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று ஒரு போடு போடுவார். மூன்று மாதத்தில் நடக்கப்போவது அவருக்கு இன்றைக்கே நடந்த மாதிரிதான்.

"காலேஜும் இல்லை, பிராக்டிகலும் இல்லை மச்சான்" என்றார் அப்பா. "நான்தான் பொய் சொன்னேன். இவ லிஃப்ட் மெக்கானிக் வேலை கத்துக்கறா. இன்னும் நிரந்தரம் ஆகலை. இன்னைக்கு ஒரு தப்புப் பண்ணிட்டா, அதனால மூணு மாசம் தள்ளிப்போட்டிருக்காங்க. போகட்டும். மூணு மாசம்தான, நாங்க இருக்கோம்."

அவளுக்குக் கண் நிறைந்து எதிரில் இருப்பவர்கள் எல்லாம் மங்கலாகத் தெரிந்தார்கள். அக்கா நகர்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள். மாமா மீசையைத் தடவினார். மாமியின் கண் மட்டும் குறியாக, வெளியே வந்து கிடந்த கறுப்புக் கயிற்றிலேயே நின்றது.

"அப்ப அந்தக் கவரிங் செயின்?"

"செயின் இல்லைம்மா அது, சாவி" என்றார் அப்பா. "இவ பூட்டுக்கு. ஒண்ணே ஒண்ணுதான், மாத்துச் சாவி கிடையாது."